சங்கரன்கோவில் கணினியைச் சிங்கப்பூரிலிருந்து இயக்கலாம், தெரியுமா?

சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு வீடு. கணினித் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது, நாற்காலியில் யாருமே இல்லை! நகர்த்துகிற மகன் இருப்பது சிங்கப்பூரில். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலடியில் கிடக்கும் 'ஐ2ஐ' கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்தக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப அதற்கு 32 மில்லிநொடி போதும். கண் இமைக்கவே அதைவிட அதிக நேரமாகும்!

இந்த வித்தைக்கு வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது, தெரியுமா? 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் ஏங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் உட்கார்ந்தபடி, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த கணினியை இயக்கிக் காட்டினார். அவர் மவுஸைப் பொதுமேடையில் காட்டியதும் அன்றைக்குத்தான்.

அப்படியென்றால் நம் வீட்டில் மட்டும் ஏன் 'கனெக்ட் ஆகல'? கடலைத் தாண்டி வரும் இணைப்பு பெரும்பாலும் நின்றுபோவது நம் வீட்டுக்குள்ளேதான்!

முதலில் கணினியில் இருக்கும் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 'ஹோம்' பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் விண்டோஸின் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதி வழியாக நுழையலாம். ஆனால் அந்த ஹோம் கணினிக்குள் வேறு யாரும் அப்படி நுழைய முடியாது. அதற்கு 'ப்ரோ' வேண்டும். இது தெரியாமல் ரவுட்டரை மாற்றியவர்கள் உண்டு, பாவம்.

தினமும் தட்டுகிற நான்கு இலக்கப் பின் நம்பர் ரிமோட் டெஸ்க்டாப்பில் செல்லாது, தெரியுமா? முழு பாஸ்வேர்டுதான் கேட்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால், விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடவே விடாது.

கணினி தூங்கிப்போனாலும் இணைப்பு கிடைக்காது. ஆனால் தூங்கும் கணினியையும் எழுப்பலாம்! 'வேக் ஆன் லேன்' வசதி இருந்தால், அதே வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வெறும் 102 பைட் செய்தி ஒன்றை அனுப்பினால் போதும், கண் விழித்துவிடும்.

இப்போது முக்கியமான சோதனை. வெளியூரிலிருந்து முயல்வதற்கு முன், ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இரண்டு கணினிகளை வைத்து இணைத்துப் பாருங்கள். அங்கேயே வரவில்லையா? பதிப்பு, பாஸ்வேர்டு, ஃபயர்வால் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது. வீட்டுக்குள் வந்து, வெளியிலிருந்து மட்டும் வரவில்லையா? கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.

அந்த 'அப்பால்' இன்னும் பெரிய ஆச்சரியம்! பழைய வகை இணைய முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான். பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே கதவு எண்ணில் ஒரு தெருவையே குடிவைத்தது போல, பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கொடுக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட் 3389-ஐ எத்தனை முறை திறந்துவைத்தாலும் பயனில்லை. திறக்காமல் இருப்பதே நல்லது: 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் 'ப்ளூகீப்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, கைவிட்டுப் பல வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது!

வழி இல்லையா? இருக்கிறது. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றில் இரு கணினிகளும் நடுவில் உள்ள ஒரு சர்வரைத் தாமே தேடிப் போய்ப் பேசுகின்றன, வெளியாள் யாரும் வாசலைத் தட்ட வேண்டியதில்லை. இதே வேலையைச் செய்யும் 'ஜோஹோ அசிஸ்ட்' யாருடையது தெரியுமா? சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தில், மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஜோஹோவுடையது! உலகம் முழுக்கப் பயன்படும் கருவியைத் தரும் நிறுவனம் நம் மாவட்டத்துக் கிராமத்தில் இருப்பது எவ்வளவு பெருமை!

இன்னொன்று. ரிமோட் டெஸ்க்டாப்பில் மகன் நுழைந்ததும் அப்பாவின் திரை பூட்டிக்கொள்ளும். சொல்லிக்கொடுக்க அது உதவாது. விண்டோஸின் 'குவிக் அசிஸ்ட்' என்றால் இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம், ஹோம் பதிப்பிலும் ஓடும். பெற்றோருக்கு உதவ நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

இதே கருவிகளை வைத்துத்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். எனிடெஸ்க் வழியாகப் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. 'பேங்க்ல இருந்து பேசறேன், உங்க திரையில தெரியற கோட் நம்பரைச் சொல்லுங்க' என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றே இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.