தேர்வு மண்டபத்தில் இதயம் படபடப்பது ஏன்?

மாணவர்களே, வினாத்தாளைத் திருப்புவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 'படித்ததெல்லாம் போச்சு' என்று தோன்றுகிறது, இல்லையா?

என் படிவம் 5 மாணவி ஒருத்தி, நீங்கள் 'டிரையல்' என்று சொல்லும் முன்னோட்டத் தேர்வில் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டாள். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குபவள் அவள். தேர்வுக்கு முன் நான் அவளிடம், "பதற்றப்படாதே" என்று சொல்லியிருந்தேன். அது எவ்வளவு பயனற்ற அறிவுரை என்று பிறகுதான் புரிந்தது. சொன்னவுடன் பதற்றம் நின்றுவிடுமா? 'ஐயோ, பதறுகிறேனே' என்று இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

உடலில் என்ன நடக்கிறது? மூளை 'ஆபத்து' என்று கணித்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. 'கெலெஞ்சார் அட்ரினல்' என்று பாடநூலில் படித்தீர்களே, அதேதான். இதயம் வேகமாகத் துடிக்கிறது. கல்லீரல் தான் சேமித்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுகிறது. செரிமானம் மந்தமாகிறது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்குக் கோட்டில் நிற்கும்போதும் இவையே நடக்கின்றன. அங்கே மட்டும் அதற்கு உற்சாகம் என்று பெயர்!

இது வெறும் பெயர் விளையாட்டு அன்று. அமெரிக்காவில் ஜெரமி ஜேமிசன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பட்ட மேற்படிப்பு நுழைவுக்கான மாதிரித் தேர்வு எழுதவிருந்த மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், "படபடப்பு உங்களுக்கு உதவக்கூடும்" என்று தெரிவித்தார்கள். கணிதப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் புள்ளிகள் பெற்றார்கள்.

அப்படியானால் மறதி எங்கிருந்து வருகிறது? கணக்குப் போடும்போது இடைநிலை எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் மூளையின் திறனைச் செயல்நினைவு என்கிறோம். அது சின்ன மேசை மாதிரி. 'தோற்றுவிட்டால் என்ன ஆகும்' என்ற எண்ணம் பாதி மேசையைப் பிடித்துக்கொண்டால், கேள்வியை வைக்க இடமிருக்காது.

மேசையைக் காலி செய்ய எளிய வழி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லொக் இருவரும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம், தேர்வைப் பற்றிய கவலைகளை ஒளிக்காமல் தாளில் எழுத வேண்டும். வழக்கமாக மிகவும் பதறும் மாணவர்களுக்குத்தான் இது அதிகம் கைகொடுத்தது.

அடுத்த தேர்வின்போது, சிற்றுண்டிச் சாலை மேசையில் உட்கார்ந்து அவளையும் எழுதச் சொன்னேன். "படிக்கவேண்டாம், ஆசிரியர் பார்க்கக்கூடாது" என்றாள். நானும் கேட்கவில்லை. கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன் அவளே சொன்னாள்: பாடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பக்கம் முழுக்க இருந்ததாம். எஸ்.பி.எம். தேர்வில் அவள் கடைசிப் பக்கம் வரை எழுதினாள். ஒருத்தியை வைத்து அறிவியல் முடிவு கட்டக்கூடாதுதான். ஆனாலும் இப்போது என் வகுப்பில் எல்லாரையும் எழுத வைக்கிறேன்.

மண்டபத்துக்குள் படபடப்பு மிஞ்சினால், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும்.

ஒன்றை மட்டும் பிரித்தறியுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது தேர்வுப் படபடப்பாக இல்லாமல் வேறாக இருக்கலாம். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசத் தயங்காதீர்கள்.

பெற்றோர்களே, பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது "எத்தனை ஏ வரும்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா? மதியம் வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள், போதும்.