தானே வாசிக்கும் பியானோ, ஊருக்குக் கேட்காத பியானோ

வீட்டில் இருக்கும் சாதாரண பியானோவையே தானாக வாசிக்க வைக்க முடியுமா? முடியும். நீங்கள் வாசிப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்காமலும் செய்ய முடியும். இரண்டும் வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு செலவுகள். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் இரண்டையும் சேர்த்தே தலையில் கட்டிவிடுவார்கள்.

ஆள் இல்லாமல் எப்படி வாசிக்கும்? 1890களில் அமெரிக்காவில் எட்வின் வோட்டி உருவாக்கிய பியானோலா, துளையிட்ட காகிதச் சுருளாலும் காற்றாலும் ஓடியது. மிதிக்க ஓர் ஆள் வேண்டும். இன்று கட்டைகளின் பின்முனைக்கு அடியில் சோலனாய்டுகளை (மின்சாரம் பாய்ந்ததும் தண்டைத் தள்ளும் கம்பிச்சுருள்) வரிசையாகப் பொருத்துகிறார்கள். தண்டு பின்முனையைத் தூக்க, முன்முனை தாழ்கிறது, சுத்தி தந்தியில் அடிக்கிறது. காதில் விழுவது உங்கள் பியானோவின் சொந்த ஒலிதான்.

அதற்காகப் பியானோவை வெட்டுவார்களா? பெரும்பாலும் ஆம். 88 சோலனாய்டுகளுக்கு வழிவிட, கட்டைகளைத் தாங்கும் பலகையில் நீளமாகத் திறப்பு வெட்டுவார்கள். வெட்டிய பலகை பழையபடி ஆகாது. பழமைக்காகவே மதிப்புள்ள பியானோ என்றால் தொடவே வேண்டாம்.

ராத்திரியில் மெல்ல ஓடவிடலாமா? ஓரளவுதான். சுத்தி தந்தியை எட்டக் குறைந்தபட்ச வேகம் தேவை. அதற்கும் கீழே போனால் சில ஸ்வரங்கள் ஒலிக்காமலே போய்விடும். வானொலியைக் குறைப்பது போலக் குறைக்க முடியாது.

சரி, சத்தம் வெளியே வராமல் பயிற்சி செய்வது எப்படி? சுத்தித் தண்டுகளின் பாதையில் ஒரு தடுப்புச் சட்டம் வைப்பார்கள். லீவரை இழுத்தால் அது நகர்ந்து வந்து, தந்தியைத் தொடும் முன்பே சுத்தியை நிறுத்திவிடும். கட்டைகளுக்கு அடியில் உள்ள சென்சார்கள் (அசைவை அளக்கும் உணரிகள்) நீங்கள் அழுத்திய வேகத்தைக் கணக்கிட, பதிவு செய்த பியானோ ஒலி ஹெட்போனில் கேட்கும். யமஹா இப்படிப்பட்ட பியானோவை 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய பியானோவில் தனியாகப் பொருத்தும் கருவிகளும் உண்டு.

முழு நிசப்தமா? இல்லை. கட்டைகள் தட்டும் 'டொக் டொக்' இருக்கும். கீழ்வீட்டுக்காரர் தூக்கம் மெல்லியது என்றால் பியானோவுக்கு அடியில் கனமான விரிப்பு போடுங்கள்.

இனி, விற்பவர்கள் தாமாகச் சொல்லாத விஷயம். கட்டையை மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுத்தி தந்தியை நெருங்கியதும் பிடி விலகி, சற்றே பின்வாங்கும். இதற்கு லெட்-ஆஃப் (பிடி விடும் இடம்) என்று பெயர். ஒழுங்கான பியானோவில் அப்போது சுத்திக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி ஓரிரண்டு மில்லிமீட்டர், நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் வகையில் மூன்று வரை. தடுப்புச் சட்டம் வந்தபின் சுத்தி அதில் சிக்காமலிருக்க, பிடி இன்னும் முன்னதாகவே விட வேண்டும், இடைவெளி கூடும். விளைவு? ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராக வாசிக்கும்போதும், மிக மென்மையான இடங்களில் விரல் சொன்னபடி கேட்காது. தொடக்கநிலை மாணவருக்கு இது தெரியாது. மேல்நிலைத் தேர்வுக்குத் தயாராகிறவருக்குக் கட்டாயம் தெரியும். எனவே 'லெட்-ஆஃப் எவ்வளவு வைப்பீர்கள்?' என்று கேளுங்கள். ஏற்கெனவே பொருத்திய ஒரு பியானோவை வாசித்துப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

கரண்ட் போனால்? லீவரை விடுவித்தால் வழக்கமான பியானோதான். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய பியானோவில் கருவி ஏற்கெனவே இருந்தால் கவனம்: அங்கே 100 வோல்ட், இங்கே 230. ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகாதீர்கள்.

சுருதி சேர்க்கும் செலவு மிச்சமா? அதுதான் இல்லை. ஹெட்போனில் சுருதி பிசகாது என்பதால் பலர் ட்யூனரையே மறந்துவிடுகிறார்கள். தந்திகளோ இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

என்னைக் கேட்டால், அடுக்குமாடியில் பிள்ளை படிக்கிறது என்றால் ஒலி மறைக்கும் கருவி உருப்படியான செலவு. தானே வாசிப்பது ஆசைக்கான செலவு. எப்போதுமே ஹெட்போனில்தான் வாசிப்பீர்கள் என்றால், நல்ல டிஜிட்டல் பியானோவே போதும். எதைப் பொருத்தினாலும், ஒட்டும் கட்டைகளையும் தேய்ந்த சுத்திகளையும் டெக்னீஷியனிடம் முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்தக் குறைகளை விரல் சமாளித்துக்கொள்ளும், சோலனாய்டு சமாளிக்காது.