பஸ்டர் கீட்டன்

பஸ்டர் கீட்டன் (அக்டோபர் 4, 1895 - பெப்ரவரி 1, 1966) ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகரும் திரைப்பட இயக்குனரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜோசஃப் பிராங்க் கீட்டன். ஊமைப்படக் காலத்தின் நகைச்சுவைக் கலைஞர்களுள் சார்லி சாப்ளினுக்கு இணையாக வைத்து எண்ணப்படுபவர். என்ன இடர் நேர்ந்தாலும் சிரிக்காத இவரது முகம் "கல்முகம்" என்று பெயர் பெற்றது.

இளமை

கன்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரில், பெற்றோர் நாடகக் குழுவொன்றுடன் பயணம் செய்துகொண்டிருந்த வேளையில் பிறந்தார். சிறு வயதிலேயே அவர்களுடன் மேடையேறினார். தந்தை மகனைத் தூக்கி எறிவதே அவர்களது நிகழ்ச்சியின் சிறப்பம்சம். பிடித்து எறிவதற்கு வசதியாகச் சிறுவனின் உடையில் ஒரு கைப்பிடி பொருத்தப்பட்டிருந்தது. விழுந்தெழுந்தபின் தான் சிரித்தால் அவையோர் சிரிப்பதில்லை என்பதைச் சிறுவன் விரைவிலேயே கண்டுகொண்டான். கல்முகம் உருவானது இவ்வாறே.

ஊமைப்படங்கள்

1917இல் நியூ யார்க்கில் நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளைச் சந்தித்துத் திரைப்படத்துறைக்கு வந்தார். 1920 முதல் சொந்தக் குழுவுடன் படங்களை உருவாக்கினார். ஆபத்தான காட்சிகளையும் பெரும்பாலும் தாமே நடித்தார். "ஷெர்லாக் ஜூனியர்" (1924) படப்பிடிப்பில் தொடருந்து நிலையத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் இவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. அதில் கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் இவர்மேல் சாய்கிறது. திறந்த சன்னலின் இடைவெளி சரியாக இவர் நின்ற இடத்தில் வந்து விழுவதால் உயிர் தப்புகிறார். சுவர் உண்மையானது, சில அங்குலம் விலகி நின்றிருந்தாலும் உயிர் போயிருக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட "த ஜெனரல்" (1926) இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. எரியும் பாலத்திலிருந்து நீராவி இயந்திரம் ஆற்றில் விழும் காட்சிக்கு மாதிரி எதுவும் பயன்படுத்தப்படவில்லை. ஓரிகன் மாநிலத்தில் உண்மையான இயந்திரமே கவிழ்க்கப்பட்டது. ஆயினும் படம் வெளிவந்தபோது வசூலில் தோல்வியுற்றது.

வீழ்ச்சி

1928இல் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தில் ஒப்பந்த நடிகராகச் சேர்ந்தார். வேண்டாமென்று சாப்ளின் எச்சரித்திருந்தார். தம் வாழ்வின் மிகப்பெரிய தவறு இதுவே எனக் கீட்டன் பின்னாளில் கூறினார். பேசும் படங்களே இவரை வீழ்த்தின என்று பரவலாகக் கூறப்படுவது பொருத்தமற்றது. இவரது முதல் பேசும் படங்கள் நல்ல வசூல் பெற்றன. இழந்தது குரலையன்று, உரிமையை. முன்பு கதையின் தொடக்கமும் முடிவும் மட்டும் கையிலிருக்க, இடைப்பகுதியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே கண்டுபிடிக்கும் வழக்கமுடையவர். இங்கே பிறர் எழுதிய உரையாடலை ஒப்பிக்க நேர்ந்தது. குடிப்பழக்கம் மிகுந்தது. 1932இல் முதல் மனைவி நட்டாலி டால்மட்ஜுடனான திருமணம் முறிந்தது. 1933இல் நிறுவனம் இவரை நீக்கியது. பின்னர் அதே நிறுவனத்தில், பிறர் நடிக்கும் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிக் கொடுக்கும் பணியை மேற்கொண்டார்.

மறுகண்டுபிடிப்பு

1940இல் எலினார் நோரிஸ் என்பவரை மணந்தார். 1949இல் ஜேம்ஸ் ஏஜி லைஃப் இதழில் எழுதிய கட்டுரை இவரது ஊமைப்படங்களை மீண்டும் கவனத்துக்குக் கொணர்ந்தது. சாப்ளினின் "லைம்லைட்" (1952) படத்தில் இருவரும் ஒரே காட்சியில் தோன்றினர். 1960இல் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. சாமுவேல் பெக்கெட் எழுதிய "பிலிம்" (1965) குறும்படத்தில், முகத்தால் புகழ்பெற்ற இவர் பெரும்பகுதியும் முதுகைக் காட்டியே நடித்தார். 1966இல் நுரையீரல் புற்றுநோயால் கலிபோர்னியாவில் காலமானார். 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 25 படங்களுள் "த ஜெனரல்" இடம்பெற்றது.