மடிக்கிற லேப்டாப்: பயணத்துக்கு ஆகுமா?

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. வேலை விஷயமா மாசத்துல பாதி நாள் வெளியூர். அசூஸ் ஜென்புக் 17 ஃபோல்ட் ஒண்ணு, ஒருத்தர் பயன்படுத்தினது, பாதி விலைக்கும் கீழே வருதாம். "சேமிப்பு மொத்தமும் போயிடும். ஆனா பையில ஒரே பொருள்தான் இருக்கும். வாங்கலாமா?"னு கேட்டிருந்தாங்க. சேமிப்பு மொத்தமும்னு சொன்னதாலதான் இந்த எபிசோடே.

மடிக்கிற திரையோட வந்த முதல் லேப்டாப் 2020-ல லெனோவோ விட்ட திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்ட். அது 13.3 இன்ச். 2022-ல அசூஸ் 17.3 இன்ச்சுக்குப் போனாங்க; இந்தியாவில அறிமுக விலை 3,29,990 ரூபாய். முழுசா விரிச்சு, பின்னாடி இருக்கிற ஸ்டாண்டுல நிறுத்தி, தனி புளூடூத் கீபோர்டை முன்னாடி வெச்சா மேசை மேல ஒரு மானிட்டர். பாதி மடிச்சா ஒவ்வொரு பாதியும் 12.5 இன்ச். கீழ்ப் பாதி மேல கீபோர்டை வெச்சா குட்டி லேப்டாப்.

விளம்பரத்துல அட்டகாசமா இருக்கும். ஆனா இதை நீங்க எங்க உட்கார்ந்து திறக்கப் போறீங்க? அதை யோசிங்க முதல்ல.

விரிச்ச நிலையில இதோட அகலமே கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர். பின்னாடி ஸ்டாண்டுக்கு இடம் வேணும், முன்னாடி கீபோர்டுக்கு இடம் வேணும். விமானத்துல எகானமி சீட் டிரேயில இது நடக்கிற காரியம் இல்ல. முன் சீட்டுக்காரர் கொஞ்சம் சாய்ஞ்சார்னா அவ்ளோதான். ரயில்ல சேர் காரிலும் இதே கதை. மடியில வெச்சு முழுசா விரிக்கவும் முடியாது. ஆக, வண்டி ஓடிட்டு இருக்கிற நேரம் பூரா உங்க கையில இருக்கிறது 12.5 இன்ச் லேப்டாப்தான். மிச்சப் பாதித் திரை கீபோர்டுக்கு அடியில தூங்கிட்டு இருக்கும். அதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம், அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறோம்.

சரி, ரூமுக்குப் போய் பெரிய திரையில படம் பார்ப்பேன்னு சொல்றீங்களா? இந்தத் திரை 4:3. அதாவது பழைய டிவி மாதிரி சதுரத்துக்குப் பக்கத்துல. 16:9 வீடியோ போட்டா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வரும். படத்தோட அளவு சுமார் 16 இன்ச் லேப்டாப்ல பார்க்கிற மாதிரிதான். ஆனா பெரிய எக்செல் ஷீட், நீளமான டாக்குமென்ட், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு விண்டோ இதுக்கெல்லாம் அந்த 4:3 உயரம் அருமையா இருக்கும். இதை மறைக்க வேண்டியதில்ல.

அடுத்து எடை. கருவி 1.5 கிலோ, கீபோர்டு சேர்த்தா 1.8. 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ, எம்4 சிப் வெச்ச 13 இன்ச் ஐபேட் ப்ரோ 579 கிராம். கூட்டிப் பாருங்க, அதுவும் 1.8 தான்! ஐபேடுக்கு ஒரு கவர் ஸ்டாண்டு வேணும், அது தனி எடை. ஆனா சைட்கார் மூலமா ஐபேடை ரெண்டாவது திரையா வெச்சுக்கலாம், விமானத்துல ஐபேடை மட்டும் வெளிய எடுக்கலாம், ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு இருக்கும். அந்த ஜோடியும் விலை அதிகம்தான். பட்ஜெட் கம்மின்னா ஒரு சாதாரண 14 இன்ச் லேப்டாப்பும் 15.6 இன்ச் போர்ட்டபிள் மானிட்டரும் ரெண்டு கிலோவை ஒட்டி வந்துடும்.

"ஒரே பொருள்"ங்கிறதும் முழு உண்மை இல்ல. இதுல இருக்கிறது ரெண்டு யூஎஸ்பி-சி போர்ட். எச்டிஎம்ஐ கிடையாது. கிளையன்ட் ஆபீஸ்ல புரொஜெக்டர்ல மாட்டணும்னா டாங்கிள் வேணும். கீபோர்டுக்குத் தனியா சார்ஜ். ஐ7-1250யூ பிராசசர் 9 வாட் ரகம். மெயில், ஷீட், வீடியோ கால் எல்லாம் ஓகே, 4கே எடிட்டிங்னா பொறுமை வேணும். பேட்டரி 75 வாட்-அவர், விமானத்துல அனுமதிக்கிற 100-க்குள்ளதான். ஆனா ஓஎல்இடி திரைக்கு வெள்ளைப் பின்னணின்னா பசி ஜாஸ்தி, டார்க் மோட் போட்டுக்கோங்க.

கீல் உடையுமோன்னு எல்லாரும் பயப்படுறாங்க. 30,000 தடவை மடிச்சுச் சோதிச்சதா அசூஸ் சொல்றாங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைன்னா எட்டு வருஷம். எனக்குக் கீலைப் பத்திக் கவலை இல்ல, திரையைப் பத்தித்தான். மடியணும்னா மேல் அடுக்கு சாதாரண லேப்டாப் கண்ணாடி மாதிரி கெட்டியா இருக்க முடியாது. உள்ள ஒரு மணல் துகளோ பேனா மூடியோ மாட்டினா போதும். வாரன்டி முடிஞ்ச கருவியில திரை போச்சுன்னா அது கருவியே போன மாதிரி.

யாருக்கு இது சரி? ஒரே ஊர்ல ஒரு வாரம் தங்கி, ஹோட்டல் மேசையில நாள் பூரா ஷீட்டோட மல்லுக்கட்டுறவங்களுக்கு. நம்ம நேயர் சொன்ன வேலை அப்படி இல்ல. ரெண்டு நாளைக்கு ஒரு ஊர், பாதி வேலை ரயில்ல. அதனால நான் வேணாம்னுதான் சொல்வேன்.

அப்பவும் மனசு கேக்கலைன்னா, பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. முழு வெள்ளை, முழு கறுப்பு ரெண்டையும் திரையில போட்டு, மடிப்பு இருக்கிற இடத்தைச் சாய்வா பாருங்க, விரலால தடவுங்க. பத்துத் தடவை மடிச்சு விரிங்க. ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் சரியா மாறுதான்னு கவனிங்க. சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் போட்டு, திரை மாத்த எவ்ளோ ஆகும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. அந்தத் தொகையை விற்கிறவர் சொன்ன விலையோட கூட்டிட்டு, அப்புறம் எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.