டேட்டா எந்த வழியில் போகும்?

பல்லடத்தில் தலைமை அலுவலகமும் திருப்பூர், அவிநாசி, கோவையில் கிளைகளும் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒரு ரவுட்டர். பல்லடத்திலிருந்து கோவைக்கு நேராக 10 மெகாபிட் இணைப்பு இருக்கிறது. திருப்பூர், அவிநாசி வழியாகச் சுற்றியும் போகலாம். அதில் முதல் இரண்டு இணைப்புகள் 100 மெகாபிட், அவிநாசி–கோவை 50 மெகாபிட். கோவைக்குப் போகும் ஃபைலைப் பல்லடத்து ரவுட்டர் எந்த வழியில் அனுப்பும்?

சுற்றுவழியில்தான். காரணம், லிங்க் ஸ்டேட் முறை.

இந்த முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் அறிவிக்கும்: என் அண்டை ரவுட்டர்கள் யார், அவர்களை அடைய என்ன செலவு. அந்த அறிவிப்பு மாறாமல் எல்லா ரவுட்டருக்கும் போய்ச் சேரும். ஆகவே எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். அதற்கு முந்தைய முறையில், அண்டை ரவுட்டர் சொன்ன தூரத்தை நம்பியே வழி முடிவானது. ஓர் இணைப்பு அறுந்த பிறகும் தவறான செய்தி வெகுநேரம் சுற்றும். அதனால்தான் இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட் 1979-ல் புதிய முறைக்கு மாறியது. இதே முறையில் இயங்கி, இன்று பரவலாக உள்ள ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை 1989-ல் வெளியானது.

இனி கணக்கு. பல ரவுட்டர்களில் 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் வருவதே செலவு. நேர்வழிக்கு 10. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட முறைப்படி, மிகக் குறைந்த செலவில் எட்டும் இடத்தை முதலில் உறுதிசெய்து, அங்கிருந்து மேலே போக வேண்டும். திருப்பூர் 1, அவிநாசி 2, அங்கிருந்து கோவை 4. பத்தைவிட நான்கு குறைவு.

திருப்பூர்–அவிநாசி ஃபைபர் அறுந்தால்? இரு முனை ரவுட்டர்களும் புதிய வரிசை எண்ணோடு அறிவிக்கும். மற்றவை பழைய அறிவிப்பை நீக்கி மறுபடி கணக்கிடும். டேட்டா நேர்வழிக்கு மாறும். அறுந்தது உடனே தெரியாவிட்டாலும், வழக்கமாக 10 நொடிக்கொரு முறை வரும் ‘ஹலோ’ செய்தி 40 நொடி வராமல் போனால் அந்த அண்டை ரவுட்டர் இல்லை என்று முடிவாகும்.

நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் செலவு 1-க்குக் கீழே இறங்காது என்பதால், 100 மெகாபிட்டுக்கும் 1000 மெகாபிட்டுக்கும் செலவு 1 தான். வேகமான ஃபைபர் போட்டதும், வகுக்கப்படும் அந்த 100 மெகாபிட் என்ற அடிப்படை எண்ணை எல்லா ரவுட்டரிலும் ஒன்றுபோல உயர்த்துங்கள். செலவு எண் தவறாக இருந்தால், வரைபடம் சரியாக இருந்தும் எல்லா ரவுட்டரும் சேர்ந்தே மெதுவான வழியைத் தேர்ந்தெடுக்கும்.