காட்டை அழித்து வந்த மரம்: வேண்டாமென்று சொல்ல முடியுமா?

திருவானைக்காவலில் வீடு கட்டுகிறவர் வாசக்காலுக்குத் தேக்கு தேடி மர டிப்போவுக்குப் போனால் நாட்டுத் தேக்கு, பர்மா, கானா என்று கன அடிக்கு ஒவ்வொரு விலை சொல்வார்கள். வெளிநாட்டு மரம் இவ்வளவு புழங்குவதற்கு நீலகிரி கூடலூரும் ஒரு காரணம். அங்கே காடு அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. உள்ளூர் வரத்து சுருங்கியது; இறக்குமதி கூடியது.

அந்த மரம் இன்னொரு நாட்டுக் காட்டை மொட்டையடித்து வந்ததென்றால்? 'எங்களுக்கு வேண்டாம்' என்று ஓர் அரசு தடுக்கலாமா?

உலக வர்த்தக விதிகளின் அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவு, இறக்குமதித் தடையே கூடாது என்கிறது. 20-ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது. தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காப்பது அதில் ஒன்று. ஆனால் அதற்கு விலை உண்டு: உள்நாட்டிலும் அதே வளத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், நாட்டுக்கு நாடு ஓரவஞ்சனையும் கூடாது.

1992-இல் ஆஸ்திரியா வெப்பமண்டல மரத்துக்கு மட்டும் அடையாளச் சீட்டைக் கட்டாயமாக்கியது. தன் ஊர் பைன் மரத்துக்கு அது கிடையாது! மலேசியாவும் இந்தோனேசியாவும் கொதித்தெழ, அடுத்த ஆண்டே கட்டாயம் கைவிடப்பட்டது.

விதியைத் தெளிவாக்கிய தீர்ப்பு மரத்தைப் பற்றியதல்ல, இறாலைப் பற்றியது. கடலாமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லையென்றால் இறால் வாங்க மாட்டோம் என்றது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் அதன் மேல்முறையீட்டு அமைப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நடத்திய விதம் தப்பு என்றது. கரீபியன் நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசம். நமக்கு வெறும் 4 மாதம். அமெரிக்கா முறையைத் திருத்திக்கொண்டது. 2001-இல் மலேசியா மறுபடி போய்த் தோற்றது. தடை நிலைத்தது.

இந்த அளவுகோலில் இந்தியாவின் கை வலுவானது என்பேன். சொந்தக் காட்டுக்குக் கட்டுப்பாடு போட்ட நாடு, காட்டை அழித்து வந்த மரத்தை வாசலிலேயே நிறுத்த நியாயம் இருக்கிறது. பர்மாவுக்கும் கானாவுக்கும் ஒரே விதி, முன்கூட்டிப் பேச்சுவார்த்தை, ஒரே அவகாசம்: இந்த மூன்றும் இருந்தால் வழக்கு வந்தாலும் வாதாட முடியும்.