பல கணனிகள் கூடிச் செய்யும் கணக்கு

ஏகபரிமாணச் சமன்பாடுகள் இரண்டினைத் தீர்த்தல் பள்ளி மாணவர்க்கும் எளிது. தெரியாக்கணியங்கள் 10,000 ஆயின், அவற்றின் குணகங்களாலாய தாயம் பத்துக்கோடி உறுப்புக்களைக் கொண்டதாகும். தெரியாக்கணியங்கள் இருமடங்காக, வேலையோ எண்மடங்காகும். எனவே இத்தகைய கணக்குக்களைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை 1980களில் வலுப்பெற்றது. செயலி ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி நினைவகம் உடையது. பிறிதொன்றிடமுள்ள எண்ணைச் செய்தி வாயிலாகவே பெறல் வேண்டும்.

இடர் அங்கேதான் தோன்றியது. இன்ரெல் நிறுவனத்தார் பொறிக்கு ஒருவகைக் கட்டளை, ஐ.பி.எம். நிறுவனத்தார் பொறிக்கு வேறொருவகை. பொறி மாறுந்தோறும், அரிதின் முயன்று எழுதிய கட்டளைத் தொடர்களைத் திருத்தியெழுத நேர்ந்தது. இக்குறையை நீக்க ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் 1989இல் பி.வி.எம். தொடங்கப்பட்டது, 1994இல் எம்.பி.ஐ. என்னும் பொதுவிதி வெளியாயிற்று.

தாயக் கணிப்புக்கென்றே அமைந்தது பிளாக்ஸ் என்னும் தொகுதி. தெனெசிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜாக் டொங்காராவும் கிளின்ற் வேலியும் அதன் கையேட்டை 1995இல் வெளியிட்டனர். செயலிகளை நிரை நிரலாக நிறுத்தி, தாயத்தின் ஒரு செவ்வகத் துண்டையே செய்தியின் அலகாகக் கொள்வது அதன் சிறப்பு. ‘இத்துண்டினை என் நிரையிலுள்ள யாவற்றுக்கும் அறிவி’ என்று கணிதன் தன் மொழியிலேயே கூறலாம். கீழே இயங்குவது பி.வி.எம். ஆயினும் எம்.பி.ஐ. ஆயினும் அக்கட்டளை மாறாது. ஸ்கலாபாக் என்னும் பெருந்தொகுதி இதன்மீதே எழுப்பப்பட்டது.

கட்டளை ஒன்றாயின் விடையும் ஒன்றாகுமோ? ஆகவேண்டுமென்பதில்லை. மூன்று இலக்கம் மட்டுங் கொள்ளும் பொறியொன்றை எண்ணுக. 100உடன் 0.4ஐக் கூட்ட 100; மீண்டும் 0.4ஐக் கூட்டினும் 100. முன்னர் 0.4 இரண்டினையுங் கூட்டிப் பின்னர் 100உடன் சேர்ப்பின் 101. செய்திகள் வந்துசேரும் ஒழுங்கு மாறக் கூட்டுத்தொகையும் மாறலாமென்பது இதனாற் பெறப்படும்.

கடையிலக்க வேறுபாடுதானே என்று இதனை இகழ்தல் கூடாது. விடையைப் படிப்படியாக அணுகும் முறையிலே, வழு போதிய அளவு குறைந்ததென ஒரு செயலி நின்றுவிட, குறையவில்லையெனக் கொண்ட மற்றொன்று அதன் செய்தியை எதிர்நோக்கி ஓயாது காத்திருத்தல் கூடும். கணக்கு முடிவதேயில்லை! வெவ்வேறு வகைக் கணனிகள் கூடுமிடத்து இவ்வச்சம் பெரிது. அதனாலேயே பிளாக்ஸை ஆக்கியோர், செயலிகள் யாவும் ஒரே விடையைப் பெறுதலையும், மீண்டும் இயக்கும்போது அதே விடை வருதலையும் வேண்டுவோர் தெரிந்தெடுக்க வழிசெய்தனர். ஒரு செயலி தொகையைக் கண்டு ஏனையவற்றுக்கு அறிவித்தல் முன்னதற்குரிய நேர்வழி. அதனால் வேகஞ் சிறிது குறையும். அது கொடுக்கத்தக்க விலையென்றே யான் கருதுகின்றேன்.